“விலை குறைந்தால் நல்லதுதானே, சார்?”

(திருச்சிராப்பள்ளியில் கல்லூரி மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்ரீரங்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பிக் காவிரிப் பாலம் தாண்டி வரும்போது ‘அறக்கட்டளை’ என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு தொகையை வங்கியில் போட்டு வைக்கிறோம். முதலைத் தொடாமல் அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கிறோம். நாம் போன பிறகும் பணம் பணமாகவே இருக்கும் என்ற நம்பிக்கைதான் அதற்கு அடித்தளம்.

சோழர் காலத்தில் கோயிலுக்கு விளக்கு எரிக்கக் கொடை கொடுத்தவர்கள் இதை வேறு விதமாக யோசித்தார்கள். ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, என்றால் 90 ஆடு, சில ஊர்களில் 96 ஆடு என்று இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஆடுகளைக் கல்வெட்டு ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்கிறது. சாகாத, கிழடு தட்டாத ஆடு. ஒன்று செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும். மந்தை குறையாது, நாள்தோறும் அளக்க வேண்டிய நெய்யும் குறையாது. பொன் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பொன்னை ஊர்ச்சபை வாங்கிக்கொண்டு, பலிசையாக, அதாவது வட்டியாக, நெல்லோ எண்ணெயோ அளந்தது. விளக்குக்கு வேண்டியது நெய். ஆகவே கொடையிலிருந்து வந்ததும் பணமாக இல்லாமல் பொருளாகவே இருந்தது. நாணயத்தின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் விளக்கு அணையாமல் இருக்க அவர்கள் கண்ட வழி அது.

பணத்தையே நம்பியவர்களும் உண்டு. ஜெர்மனியில் 1914-க்கு முன் எத்தனையோ பேர் ஏழை மாணவர்களுக்கென்றும், அநாதை இல்லங்களுக்கென்றும், விதவைகளுக்கென்றும் லட்சக்கணக்கான மார்க்குகளை எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். 1923 நவம்பரில் அந்த அறக்கட்டளைகளின் முழு முதலையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தால் ஒரு ரொட்டிகூடக் கிடைத்திருக்காது. பத்திரத்தில் எண் அப்படியே இருந்தது. ஒரு சைபரும் குறையவில்லை. விளக்குதான் அணைந்துபோனது.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று அழைத்ததும் இந்தத் தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு இதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் ஒரு வகுப்பறையில் நடந்தது.

நம் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில் ‘இரு உலகப்போர்களுக்கு இடையில் உலகம்’ என்று ஒரு பாடம் உண்டு. அதைப் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாளன்று ‘அதிதீவிரப் பணவீக்கம் என்றால் என்ன?’ என்று கேட்பேன். கை உயராத பெஞ்சே இருக்காது. தள்ளுவண்டியில் பணத்தைக் கொண்டு போனார்கள், நோட்டுக் கட்டை அடுக்கிக் குழந்தைகள் விளையாடினார்கள், நோட்டைப் போட்டு அடுப்பு எரித்தார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். படத்தில் பார்த்தது மனதில் பதிந்திருக்கும். அடுத்து, ‘விலைகள் எல்லாம் பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். ஓர் ஆண்டு, முன்வரிசையில் இருந்த பையன் எழுந்து, “விலை குறைந்தால் நல்லதுதானே, சார்?” என்றான். பாதி வகுப்பு தலையாட்டியது. தொட்டியம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் எழுந்து நின்றாள். “எங்க அப்பாவுக்கு நல்லதில்ல சார். போன வருஷம் வாழைத்தார் வெட்டுற கூலிக்கே கட்டல. தாரை மரத்துலயே விட்டுட்டோம். வாங்கின கடன் மட்டும் அப்படியே இருக்கு” என்றாள்.

1930-களைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடத்தை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. ‘கடன் மட்டும் அப்படியே இருக்கு’ என்று அவள் சொன்னதை விரித்துச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் ஜெர்மனியைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அதை நாம் பாதிதான் சொல்லிக்கொடுக்கிறோம். முதல் உலகப் போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். போர்ச் செலவை ஜெர்மனி வரி போட்டுச் சமாளிக்கவில்லை. கடன் வாங்கியும் நோட்டு அடித்தும்தான் சமாளித்தது. தோற்ற பிறகு 1921-ல் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு தலையில் விழுந்தது. 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் நிலக்கரிப் பகுதிக்குள் படையோடு நுழைந்தன. தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அவர்களுக்கு அரசே கூலி கொடுத்தது. கொடுக்கப் பணம் இல்லாததால் மேலும் நோட்டு அடித்தது. அரசின் அச்சகம் போதாமல் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்களிலும் இரவு பகலாக நோட்டு அச்சடித்தார்கள். 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். இந்த எண்ணைத் தமிழில் சொல்லும்போது ஒரு வசதி இருக்கிறது. 4.2 என்ற எண் அப்படியே நிற்க, அதன் பின்னால் ‘லட்சம் கோடி’ வந்து ஒட்டிக்கொண்டது. ஒன்பது ஆண்டுகளில் நடந்தது அவ்வளவுதான் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். அந்த மாதமே ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்தது. பழைய லட்சம் கோடி மார்க்குக்குப் புதிது ஒன்று. சில வாரங்களில் விலைகள் நின்றுவிட்டன.

இதற்குப் பிறகுதான் தவறு செய்கிறோம். தள்ளுவண்டிப் படத்துக்கு அடுத்த படமாக ஹிட்லரை வைத்துவிடுகிறோம். பணவீக்கம் வந்தது, ஆகவே ஹிட்லர் வந்தார் என்று பிள்ளைகள் தேர்வில் எழுதுகிறார்கள். நாமும் மதிப்பெண் போடுகிறோம். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது பொருந்தாது. பணவீக்கம் 1923-ல் முடிந்துவிட்டது. 1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 விழுக்காடு வாக்கு. 1929-ல் அமெரிக்காவில் பங்குச்சந்தை சரிந்து, பெருமந்தம் தொடங்கி, அங்கிருந்து வந்த கடன் நின்று, ஜெர்மனியில் விலையும் கூலியும் விழத் தொடங்கின. ஆலைகளை மூடினார்கள். சான்சலர் ப்ரூனிங் செலவை வெட்டினார், சம்பளத்தை வெட்டினார். மறுபடியும் நோட்டு அடித்தால் 1923 திரும்பிவிடும் என்ற அச்சம் எல்லாரிடமும் இருந்தது. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் 60 லட்சம். நாஜி வாக்கு 1930-ல் 18.3 விழுக்காடு, 1932 ஜூலையில் 37.3 விழுக்காடு. விலை ஏறிய ஆண்டுகளின் அச்சம், விலை விழுந்த ஆண்டுகளில் கையைக் கட்டிப்போட்டது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது. ஏறியதை மட்டும் சொல்லி, விழுந்ததை விட்டுவிட்டால் வரலாறே மாறிவிடுகிறது.

நாம் அனுபவித்ததும் அந்த விழுந்த பாதிதான். தள்ளுவண்டி மாதிரி எந்தப் படமும் இல்லாததால் அது நம் நினைவில் நிற்கவில்லை. அதில் பலவும் இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்தவை.

நெல்லிலிருந்து தொடங்குவோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் நமக்கு அதுதான் கணக்கு. சென்னை மாகாணம் தனக்கு வேண்டிய அரிசியில் ஒரு பகுதியைப் பர்மாவிலிருந்து வாங்கியது. அதனால் லால்குடி நெல்லின் விலையை லால்குடி மட்டும் தீர்மானிக்கவில்லை, ரங்கூனும் சேர்ந்து தீர்மானித்தது. 1930 இறுதியில் ஜப்பானில் அமோக விளைச்சல் வந்து அங்கே அரிசி விலை சரிந்தது. 1931 தொடக்கத்தில் பர்மாவின் புது அரிசி சந்தைக்கு வரும்போது வாங்க ஆளில்லை. முன்பெல்லாம் அறுவடைக்கு முன்பே பணம் கொடுத்துவிட்டு, நெல்லைக் கிடங்கில் போட்டு வைத்து விலை ஏறும்போது விற்கும் வியாபாரிகளுக்கும் கடன் கிடைக்கவில்லை. 1929-க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளில் நம் பக்கத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியானது. இதற்கு மேல் ரூபாயின் விகிதம். 1927 முதல் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்னி என்று அரசு கட்டி வைத்திருந்தது. 1 ஷில்லிங் 4 பென்னி போதும் என்று பம்பாய் வணிகர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் போன்றவர்கள் வாதாடியும் நடக்கவில்லை. அந்த விகிதத்தைக் காப்பாற்ற, புழக்கத்தில் இருந்த பணத்தை அரசு உள்ளே இழுத்தது. ஜெர்மனியில் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. இங்கே வாய்க்கால் வறண்டது.

மாணவர்களிடம் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். இதில் வரும் எண்களை நான் எளிமைக்காக வைத்திருக்கிறேன். விலை பாதியானது என்பது மட்டும் வரலாறு. கலம் என்பது நெல் அளக்கும் பழைய அளவு. நெல் கலம் 3 ரூபாய் விற்கும்போது ஒரு குடியானவர் 300 ரூபாய் கடன் வாங்குகிறார். நூற்றுக்கு 12 வட்டி என்றால் ஆண்டுக்கு 36 ரூபாய். நில வரி, நம் ஊர் வழக்கில் கிஸ்தி, 30 ரூபாய். அறுப்புக் கூலி, விதை, வீட்டுச் சாப்பாடு எல்லாம் போக விற்பதற்கு அவரிடம் 40 கலம் மிஞ்சுகிறது. இப்போது ரூபாயை மறந்துவிடுங்கள், எல்லாவற்றையும் கலத்தில் அளந்து பாருங்கள் என்பேன். வட்டிக்கு 12 கலம், கிஸ்திக்கு 10 கலம், மீதி 18 கலம் கையில். துணிமணி, உப்பு, பெண்ணுக்கு ஒரு நகை, அசலில் கொஞ்சம் என்று குடும்பம் நடக்கும். கலம் ஒன்றரை ரூபாய்க்கு இறங்கட்டும். நிலம் அதே, மழை அதே, உழைப்பு அதே. வட்டிக்கு 24 கலம், கிஸ்திக்கு 20 கலம். மொத்தம் 44. கையில் இருப்பதோ 40. குறையும் 4 கலத்தைச் சாப்பாட்டு நெல்லிலிருந்துதான் எடுக்க வேண்டும். அசல் 100 கலமாக இருந்தது 200 கலமாகிவிட்டது. யாரும் ஒரு காசு கூடுதலாகக் கேட்கவில்லை, பத்திரத்தில் ஓர் எழுத்து மாறவில்லை.

இந்த இடத்தில் அந்தத் தொட்டியத்துப் பெண் சொன்னது வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிடும்.

கிஸ்தியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. குடியானவரிடம் அரசே நேராக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் நிலவரியை 30 ஆண்டுக்கு ஒரு முறை ரூபாயில் நிர்ணயித்தார்கள். அறுவடை முடிந்த கையோடு தவணை வந்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் நெல்லைக் கொண்டுபோய் விற்பார்கள், அதனால் விலை இன்னும் விழும். பழைய காலத்தில் விளைச்சலில் பங்கு என்று வாங்கிய அரசன் விலை விழுந்தால் தானும் சேர்ந்து நட்டப்பட்டான். ரூபாயில் வாங்கிய அரசுக்கு அந்த நட்டம் கிடையாது. முழுச் சுமையும் விளைவித்தவன் தலையில் இறங்கியது. 1930 ஏப்ரல் 13-ம் தேதி, இதே திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு வேதாரண்யம் கிளம்பினார். அந்த நடைப்பயணத்தை உப்புக்காக என்று மட்டும் படிக்கிறோம். அவர்கள் நடந்து போன டெல்டா கிராமங்களில் கடன் சுமை முற்றப்போகும் காலம் அது என்பதையும் சேர்த்துப் படித்தால், ஊருக்கு ஊர் சோறு போட்டு வரவேற்ற மக்களின் மனம் இன்னும் நெருங்கி வரும்.

அதே நகரத்தில் அதே ஆண்டுகளில் வாழ்க்கை சற்றுச் சுலபமானவர்களும் இருந்தார்கள். தென்னிந்திய ரயில்வேயின் பொன்மலைப் பணிமனையில் வேலை தப்பியவருக்கு, அலுவலக எழுத்தருக்கு, மாதச் சம்பளம் ரூபாயில் வந்தது. 1931 இறுதியில் இந்திய அரசு தன் ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டியது. பத்து விழுக்காடு போனாலும் அரிசி பாதி விலை. அதனால்தான் சில வீடுகளில் தாத்தா, ‘அந்தக் காலத்துல ஒரு ரூபாய்க்கு எவ்வளவு அரிசி தெரியுமா!’ என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பார். இன்னொரு வீட்டில் தாத்தா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். நெல்லாகக் கூலி வாங்கிய பண்ணையாளுக்குக் கூலியின் மதிப்பு விழவில்லை என்று தோன்றும். ஆனால் மிராசுதாருக்குக் கை வறண்டதும் முதலில் குறைந்தது பண்ணையாளுக்குக் கிடைத்த வேலை நாள். ஒரே விலை, மூன்று வீடுகளில் மூன்று விதமாக இறங்கியது. வகுப்பை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் ஒரு வீட்டின் வரவு செலவை எழுதச் சொல்லுங்கள். ‘பெருமந்தம் மக்களைப் பாதித்தது’ என்ற வரியை அதற்குப் பிறகு எந்த மாணவரும் எழுத மாட்டார். எந்த மக்கள் என்று கேட்பார்.

கடன் தீராதபோது வீட்டில் விற்பதற்கு என்ன இருந்தது? தங்கம்.

1931 செப்டம்பர் 21-ம் தேதி பிரிட்டன் பவுண்டுக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டை அவிழ்த்தது. பவுண்டு இறங்கியது. பவுண்டோடு கட்டிய ரூபாயும் இறங்கியது. அதுவரை அரசு விகிதப்படி ஒரு தோலா தங்கம் 21 ரூபாய் 3 அணா 10 பை. அது சில ஆண்டுகளில் 30 ரூபாயைத் தாண்டியது. நெல் பாதி விலை, தங்கம் ஒன்றரை மடங்கு. இதற்கு என்ன பொருள் என்று பெண்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். நகை வெளியே வந்தது. பெரிய கடை வீதி மாதிரியான வீதிகளில் வாங்கும் கடைகள் பெருகின. உருக்கிய தங்கம் பம்பாய்க்குப் போய்க் கப்பலேறி லண்டனுக்குச் சென்றது. 1931-க்கும் 1939-க்கும் இடையில் இந்தியாவிலிருந்து 300 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள தங்கம் வெளியேறியது. நல்ல விலைக்கு விற்று இந்தியர்கள் லாபம் பார்த்தார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. காங்கிரசார் அதைத் துயரத் தங்கம் என்றார்கள். வசதியுள்ளவர் லாபத்துக்காக விற்றதும் உண்டு. ஆனால் கிஸ்தித் தவணைக்கு முதல் நாள் தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்ணின் கணக்கில் லாபம் என்ற சொல்லுக்கு இடமில்லை.

கடல் கடந்த நம் மக்களையும் இதில் சேர்க்க வேண்டும். முசிறி, துறையூர்ப் பக்கத்து வீடுகளில் மலாயா போய் வந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். 1925-ல் லண்டனில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 4 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1932-ல் 2 பென்னிக்கும் கீழே போனது. நாற்பத்தெட்டுப் பென்னி இரண்டான கணக்கு அது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. 1930-க்கும் 1933-க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களை அரசுச் செலவிலேயே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலேறி வந்தவர்கள், நெல் விலை விழுந்து கிடந்த அதே ஊர்களுக்குத்தான் திரும்பினார்கள். பர்மாவில் இதற்கு எதிர்ப்பக்கம் நடந்தது. அங்கே கடன் கொடுத்தவர்கள் நம் செட்டிநாட்டார். விலை சரிந்து பர்மிய உழவர்கள் கடன் கட்ட முடியாமல் போகவே, அடமான நிலங்கள் செட்டிநாட்டார் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 விழுக்காடு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 விழுக்காடு. அவர்கள் நிலத்தை விரும்பிப் போகவில்லை; பணமாகத் திரும்பி வரும் என்று நம்பிக் கொடுத்தது சேறாகத் திரும்பியது. பர்மிய உழவருக்கோ நிலம் போனது. இரண்டு துயரங்களையும் ஒரே வகுப்பில் சொல்வதற்கு ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். நம்மவர் கடன்காரராக இருந்த கதையை மட்டும் சொல்லி, கடன் கொடுத்தவராக இருந்த கதையை விட்டுவிடக் கூடாது.

இன்னொரு செய்தி. தள்ளுவண்டிக் கதை ஜெர்மனியோடு முடிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். 1942 முதல் 1945 வரை மலாயாவில் ஜப்பானியர் அடித்த நோட்டில் வாழைமரப் படம் இருந்தது. கணக்கில்லாமல் அடித்தார்கள், முடிவில் அது வெறும் காகிதமானது. அங்கே உழைத்த தமிழர் பலருடைய மூன்றாண்டுச் சேமிப்பு அந்தக் காகிதம்தான். நம் பக்கத்து வீடுகளின் பழைய பெட்டிகளில் ஒன்றிரண்டு இன்னமும் கிடக்கலாம். ஜெர்மன் நோட்டின் படத்தைவிட அதைக் கையில் கொடுத்துப் பாடம் தொடங்குவது மேல்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். மாணவர்கள் மிக ஆழமாகச் சிந்திப்பதை நான் கண்டது இந்த இடத்தில்தான்.

ஜெர்மனியில் பணவீக்கம் கடன் கொடுத்தவரை அழித்தது. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பெருங்கடனை ஒரு ரொட்டியின் விலையில் பலர் அடைத்துவிட்டார்கள். 1923 நவம்பர் இறுதியில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், செல்லாக் காசைக் கொடுத்துக் கடன் தீர்ந்தது என்று சொல்வது நியாயமல்ல என்று தீர்ப்பளித்தது. 1925-ல் ஒரு சட்டம் வந்தது. அடமானக் கடன்களுக்குப் பழைய தங்க மதிப்பில் நான்கில் ஒரு பங்கு தர வேண்டும் என்றது. நாட்டை நம்பிப் போர்க் கடன் பத்திரம் வாங்கிய ஓய்வூதியக்காரருக்கும் விதவைக்கும் கிடைத்தது 2.5 விழுக்காடுதான்.

இங்கே விலைவீழ்ச்சி கடன் வாங்கியவரை அழித்தது. 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1930-ல் அவர் யார் வீட்டிலிருந்து நடந்தாரோ, ஸ்ரீரங்கத்தில் பிறந்த அந்த டாக்டர் ராஜன் அமைச்சரவையில் இருந்தார். 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1-ம் தேதிக்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 1932 அக்டோபர் 1-க்குப் பின் வாங்கிய கடனுக்கு வட்டி நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்தது. ஏன் 1932 என்று கேட்டால் பிள்ளைகளே பதில் சொல்வார்கள். அதற்கு முன் வாங்கியவர்களில் மிகப் பலர் உயர்ந்த விலையில் வாங்கித் தாழ்ந்த விலையில் கட்டியவர்கள். பின்னால் வாங்கியவர், விலை விழுந்தது தெரிந்தே வாங்கியவர்.

அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் தொட்ட பகுதி ஒரு விதிவிலக்கு. கடன் கொடுத்தவர் ஒரு பெண்ணாக இருந்து, வேறு சொத்து எதுவும் இல்லாமல், அவர் கொடுத்த அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தால், அந்தக் கடனில் இந்தக் குறைப்பு கிடையாது. ஸ்ரீரங்கத்து வீதிகளில் வளர்ந்தவன் என்ற முறையில் அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியும். கணவர் போன பிறகு கையில் இருந்த சிறு தொகையை நம்பிக்கையான ஒருவரிடம் வட்டிக்குக் கொடுத்துவிட்டு, அந்த வட்டியில் ஒரு வேளை சாப்பிட்டுக் காலம் தள்ளிய அத்தைகளும் பாட்டிகளும் எத்தனையோ பேர். சட்டம் எழுதியவர் கண்முன் அவர்களில் ஒருத்தி நின்றிருக்கிறாள். ஜெர்மன் விதவைக்கு 2.5 விழுக்காடு என்றதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் உட்கார்ந்துவிடலாம். வகுப்பு தானாக நடக்கும்.

சட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். நிலத்தோடு தொடர்புள்ளவருக்குத்தான் அது உதவியது. எழுத்தில் இல்லாத கடனில் சிக்கிய நிலமற்ற கூலியாளுக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கடன் கொடுப்பவர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள் என்ற புகாரும் எழுந்தது. இரண்டையும் மாணவர்கள் விவாதிக்கட்டும்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பெட்டிகளில் பழைய புரோநோட்டுகள், அடமானப் பத்திரங்கள், கிஸ்தி ரசீதுகள் இருக்கின்றன. செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளை அவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் படியெடுத்து வரட்டும். ஒரே பெஞ்சில் கடன் கொடுத்த குடும்பத்துப் பிள்ளையும் வாங்கிய குடும்பத்துப் பிள்ளையும் இருப்பார்கள். எவருக்கும் தலை குனிய நேரக் கூடாது. ஆண்டு, தொகை, வட்டி, பின்பக்கத்து வரவுகள் ஆகிய நான்கும் போதும். எல்லாவற்றையும் கலமாக மாற்றச் சொல்லுங்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவி தன் பாட்டியிடமிருந்து அப்படி ஓர் அடமானப் பத்திரத்தை வாங்கி வந்தாள். 1928-ல் எழுதியது. பின்பக்கத்தில் வரவு வைத்திருந்தார்கள். 1929-ல் இரண்டு தடவை, 1930-ல் ஒரு தடவை, 1931-ல் ஒன்றும் இல்லை. 1932-ல் 18 ரூபாய் என்று ஒரே ஒரு வரவு. அதற்குப் பிறகு வெறும் காகிதம். வகுப்பே உட்கார்ந்து கணக்குப் போட்டது. அந்த 18 ரூபாய் எத்தனை கலம், அதை விற்று எப்படித் திரட்டியிருப்பார்கள் என்று யோசித்தார்கள். எங்கள் கணக்குத்தாளோடு பத்திரத்தைத் திருப்பி அனுப்பினோம். மறுநாள் அந்தப் பெண் வந்து சொன்னாள். பாட்டி தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். 18 ரூபாய் வந்ததும் நிறுத்தச் சொன்னாராம். “அது நெல்லு வித்த காசு இல்லடி. என் மாமியாரோட தோடு. சாகுற வரைக்கும் அவங்க காது மூளியாத்தான் இருந்துச்சு.”